வீட்டோரம் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தை இறக்க நம்பகமான ஆள் வேண்டும். எவ்வளவு கொடுப்பது நியாயம்?

வலங்கைமான் மகள் கேட்கிறார்:

வணக்கம். வலங்கைமானுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அம்மா தனியாக இருக்கிறார். எனக்குக் கும்பகோணத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். வீடு பழைய ஓட்டு வீடு. கொல்லையில், அடுப்படிச் சுவரிலிருந்து பத்தடி தள்ளி ஒரு தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. மாட்டுக்கு நிழல் வேண்டும் என்று அப்பா வைத்தது. இப்போது அப்பாவும் இல்லை, மாடும் இல்லை. மரம் நெஞ்சு உயரத்தில் பத்தடிச் சுற்றளவுக்குப் பெருத்துவிட்டது. ஒரு வாது (பெரிய கிளை) ஓட்டுக்கு மேலேயே படுத்திருக்கிறது. இன்னொன்று கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருகிற கரண்ட் கம்பியை உரசுகிறது. போன ஐப்பசி மழையில் நடுவாது ஒன்று முறிந்து மாட்டுக் கொட்டகைக் கூரையில் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அதற்குப் பிறகு ராத்திரியில் காற்றடித்தால் அம்மா அடுப்படிப் பக்கமே போவதில்லை, வாசல் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். இந்த வருஷ மழைக்கு முன்னால் மரத்தை இறக்கியாக வேண்டும்.

இதுவரை மூன்று பேர் வந்து பார்த்தார்கள்.

முதலில் வந்தவர் டவுனில் போர்டு வைத்துத் தொழில் நடத்துகிறவர். 42,000 ரூபாய் கேட்டார், வெட்டிய மரமும் அவருக்கே என்றார். கிரேன் வாடகையே பாதி போய்விடுமாம். எங்கள் கொல்லைக்குக் கிரேன் எந்த வழியாக வரும் என்று கேட்டேன். பக்கத்து வயல் வழியாக என்றார். அந்த வயலில் சம்பா நடவுக்குத் தண்ணீர் வைத்து உழுது போட்டிருக்கிறார்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாமவர் பக்கத்து ஊர்க்காரர், மரம் வெட்டுவதே தொழில். 16,000 கூலி, மரம் தனக்கு என்றார். மரத்தைச் சுற்றி வந்து, அடியைக் கோடாலிக் காம்பால் தட்டிப் பார்த்து, மேலே எந்த வாதை முதலில் இறக்குவது என்று கூட வந்த பையனிடம் காட்டிக்கொண்டிருந்தார். அதிகம் பேசவில்லை.

மூன்றாமவர் தரகர். ஒரு பைசா வேண்டாம், தூங்குமூஞ்சியை இலவசமாக இறக்கித் தருகிறேன், வாசலில் நிற்கிற வேப்பமரத்தைக் கொடுத்துவிடுங்கள் என்றார். அந்த வேம்பு வீட்டைத் தொடவில்லை, நேராக நிற்கிறது, ஒரு குறையும் இல்லை. அவர் கொல்லையில் நின்ற நேரத்தைவிட வேம்புக்கு நாடா பிடித்த நேரம்தான் அதிகம். ஆடி மாதம் அந்த மரத்துக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துக் கும்பிடுகிறவர் அம்மா. அதைத் தொட அவர் சம்மதிக்க மாட்டார், எனக்கும் மனசில்லை.

மூன்று பேர் சொன்ன கணக்கும் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. எது நியாயமான தொகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? தூங்குமூஞ்சிக்கு விலை ஏதாவது உண்டா? ஓடு உடைந்தால் யார் பொறுப்பு? எல்லாவற்றையும்விட, மேலே ஏறுகிறவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு இருக்கிறது. வயதானவர் தனியாக இருக்கிற வீடு. முன்பணம் வாங்கிக்கொண்டு பாதியில் விட்டுப் போனால் துரத்திக் கேட்க ஆள் கிடையாது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


பேராவூரணித் தோப்பு எழுதுகிறார்:

அக்கா, யாரை வைத்து வெட்டினாலும் சரி, அடைமழை பிடிப்பதற்குள் முடித்துவிடுங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரையைக் கடந்தபோது நாங்கள் இங்கேதான் இருந்தோம். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் ஏறிய புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வரை தென்னையைச் சாய்த்துப் போட்டது. எங்கள் தோப்பில் நின்றதைவிடக் கிடந்தது அதிகம். மறுநாளே ரம்பம் வைத்திருந்தவர்கள் சொன்னதுதான் விலை. வீட்டின் மேல் மரம் கிடக்கும்போது யார் பேரம் பேச முடியும்? கேட்டதைக் கொடுத்தோம். நல்லவர்களும் வந்தார்கள், வெளியூரிலிருந்து வந்து சோறு மட்டும் வாங்கிக்கொண்டு பாதையில் கிடந்த மரத்தை அறுத்துப் போட்டவர்களை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அதை நம்பி ஒரு வீட்டை விட்டுவைக்க முடியாது.

இன்னொன்று, ஆள் கிடைப்பது. குறுவை அறுப்பும் சம்பா நடவும் ஒரே நேரத்தில் ஓடும்போது டிராக்டரும் கிடைக்காது, கூலி ஆளும் கிடைக்காது. தேதி சொல்லி இப்போதே பேசி வையுங்கள்.

உங்கள் கேள்விக்கு வெளியே ஒரு விஷயம். கொல்லையில் பட்டுப்போன தென்னை இருந்தால் அதே ஆட்களை வைத்து அதையும் இறக்கிவிடுங்கள், ஆனால் துண்டை அங்கேயே போட்டு வைக்காதீர்கள். மட்கிய தென்னந்துண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும். கஜாவுக்குப் பிறகு அப்புறப்படுத்தாமல் கிடந்த மரங்களிலிருந்து வண்டு கிளம்பி, நின்ற மரங்களின் குருத்தையும் தின்றதைப் பார்த்தவன் நான்.


மன்னார்குடி மரவாடி எழுதுகிறார்:

எங்கள் அப்பா காலத்திலிருந்து மரவாடி நடத்துகிறோம், ஆகவே மரம் வாங்குகிற பக்கத்திலிருந்து இதைச் சொல்கிறேன். மூன்று பேர் சொன்னதும் ஒட்டாமல் போனதற்குக் காரணம், கூலியும் மரத்தின் விலையும் ஒன்றாகக் கலந்து கிடப்பதுதான். இரண்டையும் பிரித்துவிட்டால் எல்லாம் தெளிவாகிவிடும். வெட்டி இறக்கி, துண்டு போட்டு, தழையை ஒதுக்கிக் கொடுக்க என்ன கூலி என்று தனியாகக் கேளுங்கள். மரம் என்னுடையது, அதை நான் விற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். இப்படிக் கேட்டதும் பாதிப் பேர் வேலை வேண்டாம் என்று போய்விடுவார்கள். போகட்டும்.

கூலியைப் பார்ப்போம். பத்தடிச் சுற்றளவு, வீட்டை ஒட்டிய மரம் என்றால் அடியில் அறுத்து ஒரே பாட்டமாகச் சாய்க்க முடியாது. மேலே ஏறி ஒவ்வொரு வாதாகக் கயிறு கட்டி இறக்க வேண்டும். ஏறுகிறவர் இரண்டு பேர், மெஷின் ரம்பத்தோடு ஒருவர், கீழே கயிறு பிடிக்கவும் தழை இழுக்கவும் மூன்று பேர். இந்த செட்டுக்கு இரண்டு நாள் வேலை இருக்கும். ஏறுகிறவருக்கு நாளுக்கு 1,500, ரம்பத்துக்கும் ஆளுக்கும் சேர்த்து 2,000, கீழே நிற்பவர்களுக்கு ஆளுக்கு 800 என்று போட்டால் ஒரு நாளைக்கு 7,400, இரண்டு நாளைக்கு 14,800. பெட்ரோல், சங்கிலி, டீ, சாப்பாடு சேர்த்து 17,000, 18,000-க்குள் வரும். உங்கள் பக்கம் கூலி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், அதை ஊரில் விசாரித்து இந்தக் கணக்கிலேயே போட்டுப் பாருங்கள்.

இப்போது மரம். தூங்குமூஞ்சி விறகாகத்தான் பெரும்பாலும் போகும். செங்கல் சூளைக்காரர்கள் எடுப்பார்கள். அடிமரம் உளுத்துப் போகாமல் இருந்தால் பலகைக்கும் கேட்பார்கள், தேக்கு, வேம்பு அளவுக்கு விலை கிடைக்காது. நீங்கள் சொல்கிற அளவுக்கு வாதும் கிளையுமாக நாலைந்து டன் தேறும். டன் 2,500 என்று வைத்தாலே 10,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. அடிமரம் தனி.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு வந்தவர்களைப் பாருங்கள். இரண்டாமவர் 16,000 கூலியும் மரமும் கேட்கிறார் என்றால் அவருக்கு உண்மையில் 26,000, 28,000 கிடைக்கிறது. அவர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன், அது பேசிக் குறைக்க இடம் வைத்துச் சொன்ன தொகை. முதலாமவர் வராத கிரேனுக்கு வாடகை போட்டிருக்கிறார், அவரை விட்டுவிடலாம். தரகர் சொன்னதைக் கவனித்துப் பாருங்கள். தூங்குமூஞ்சி விறகிலேயே அவருக்குப் பாதிக்கு மேல் கூலி தேறிவிடும். மீதிக்கும் அவர் லாபத்துக்கும்தான் வேம்பு.

வேம்பை விற்கப் போவதில்லை என்றாலும் அளக்கத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், தூங்குமூஞ்சி அடிமரத்துக்கும் அதே முறைதான். துண்டின் நடுவில் சுற்றளவு எடுக்க வேண்டும், நுனிப் பக்கம் நாடா பிடித்தால் உங்களுக்கு நஷ்டம். அதை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்குங்கள். ஆறடிச் சுற்றளவு, ஒன்பதடி நீளம் என்றால் ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கி, ஒன்பதால் பெருக்க 20.25 கன அடி. கன அடி 300 என்று குறைத்து வைத்தாலும் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் வருகிறது. இந்த நாலில் ஒரு பங்கு முறையிலேயே மரத்தின் உண்மையான கன அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துதான் வரும். பட்டைக்கும் அறுவைக் கழிவுக்கும் வியாபாரிக்கு அங்கேயே இடம் கிடைத்துவிட்டது. அதற்கு மேலும் "கழிவு" என்று சொல்லி இன்னொரு தடவை கழித்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

விறகைக் கண் மதிப்பில் லோடு கணக்கில் விற்காதீர்கள். வண்டியைக் காலியாக எடைமேடையில் ஏற்றி ஒரு சீட்டு, விறகோடு ஏற்றி ஒரு சீட்டு, இரண்டும் உங்கள் கைக்கு வர வேண்டும். வெட்டிய இரண்டொரு நாளிலேயே எடை போட்டுவிடுங்கள். காயக் காய எடை இறங்கும். "காயட்டும், வந்து எடுத்துக்கறேன்" என்று வாங்குகிறவர் சொல்வது அதனால்தான்.

நம்பகமான ஆளா என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டீர்கள். அவர் கடைசியாக வீட்டோரம் இறக்கிய மரம் எங்கே என்று கேட்டு, அந்த வீட்டுக்காரரிடம் போய்ப் பேசுங்கள். போனில் அனுப்புகிற படத்தை நம்ப வேண்டாம். கயிற்றைக் காட்டச் சொல்லுங்கள். வாது இறக்கத் தடித்த வடம், ஏறுகிறவர் இடுப்பில் கட்ட ஒரு கயிறு, இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரே கயிறுதான் இருக்கிறது என்றால் அந்த செட் வேண்டாம். நீங்கள் சொன்ன இரண்டாமவர் அடியைத் தட்டிப் பார்த்தது எனக்குப் பிடித்தது. உள்ளே பொக்கையாக இருந்தால் சத்தத்திலேயே தெரியும், பொக்கை மரத்தில் ஆளை ஏற்றக்கூடாது.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். வருகிற அன்று காலையில் பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்குமாக ஒரு சிறு தொகை, வாதெல்லாம் இறங்கியதும் பாதி, கொல்லை சுத்தமானதும் மீதி. வேலைக்கு முந்தைய வாரமே முன்பணம் கேட்கிறவருக்குக் கொடுக்க வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: எந்த மரம், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் அறுப்பது, தழையை யார் அள்ளுவது, ஓடு உடைந்தால் மாற்றிப் போடுவது யார். வேம்பைத் தொடக்கூடாது என்றும் அதிலேயே எழுதுங்கள். ஓட்டுக் கூரையை வேலைக்கு முன்னால் நாலு பக்கமும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

ஒன்று மட்டும் மனசார கேட்டுக்கொள்கிறேன். ஏறுகிறவர் கூலியைக் குறைக்காதீர்கள். மரத்துக்கு விலையைக் கூட்டிப் பேசுங்கள், விறகுக்காரரிடம் அடித்துப் பேசுங்கள், அது வியாபாரம். ஐந்நூறு ரூபாய் குறைத்தால் அவர் கீழே கயிறு பிடிக்கிற ஒரு ஆளைக் குறைப்பார். விபத்து அங்கேதான் நடக்கிறது.


ஓய்வு பெற்ற கிராம நிர்வாகம் எழுதுகிறார்:

அம்மா, மற்றவர்கள் பணத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அந்த மரம் நிற்கிற இடம் யாருடையது?

நம் பக்கத்தில் இது சின்னக் கேள்வி இல்லை. தலைமுறையாக வீடு கட்டிக் குடியிருப்பார்கள், ஆனால் மனை கோயிலுடையதாகவோ மடத்துடையதாகவோ இருக்கும். மனை வாடகை ரசீதும் இருக்கும். அந்த இடத்தில் நிற்கிற மரத்தைச் செயல் அலுவலரிடமோ மடத்திடமோ எழுத்து மூலம் கேட்காமல் வெட்டி விற்றால் பின்னால் தொந்தரவு. தாத்தா வைத்த மரம் என்பது பதிலாகாது. பட்டா, புல வரைபடம் இரண்டையும் அரசு இணையதளத்திலேயே எடுத்துப் பார்க்கலாம். கொல்லை எல்லை வாய்க்கால் புறம்போக்கில் கொஞ்சம் நீண்டிருப்பது சகஜம், மரம் அந்தத் துண்டில் நின்றால் அது அரசு மரம். அப்படியானால் விண்ணப்பம் தாசில்தார் வழியாகப் போக வேண்டும். பொது இடத்து மரங்களை வெட்டுவதைப் பரிசீலிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் பசுமைக் குழு இருக்கிறது.

சொந்தப் பட்டாவில் நிற்கிற தூங்குமூஞ்சி என்றால் சமவெளியில் வீட்டுக்காரர் வெட்டிக்கொள்வதில் சிக்கல் இல்லை. தேக்கு, சந்தனம், ஈட்டி என்றால் மட்டும் வனத்துறையிடம் முதலில் கேட்டுவிடுங்கள். வேலியில் பனை இருந்தால் அதைத் தொட வேண்டாம். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். "கூடவே அந்தப் பனையையும் தட்டிவிடுகிறேன்" என்று ஆட்கள் சாதாரணமாகச் சொல்வார்கள். செங்கல் சூளைக்குப் போன பனைகள் போதும்.

பக்கத்து வயல்காரரிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். கிளை வயலில் விழுந்து நாற்று மிதிபட்டால் வருகிற சண்டை மரத்தைவிடப் பெரியது.


திருவாரூர் வயர்மேன் எழுதுகிறார்:

கம்பி உரசுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வெட்ட வருகிறவர் "மெயினை ஆஃப் பண்ணிட்டா போதும்" என்பார். போதாது. வீட்டு மெயினை அணைத்தாலும் கம்பத்திலிருந்து மீட்டர் வரை வருகிற கம்பியில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். பச்சைக் கிளையும் ஈரக் கயிறும் கரண்டைக் கடத்தும்.

உங்கள் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் இரண்டு மூன்று நாள் முன்னதாக மனு எழுதிக் கொடுங்கள். தேதியும் நேரமும் குறித்து லைன்மேனை அனுப்பி, கம்பத்திலேயே இணைப்பைக் கழற்றி, வேலை முடிந்ததும் மாட்டிக் கொடுப்பார்கள். ஆள் வரத் தாமதமானால் மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987-இல் பதிவு செய்து வைக்கலாம். அந்த வாதை மட்டும் லைன்மேன் வந்த பிறகுதான் தொட வேண்டும் என்று செட்டிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். மற்ற வேலையை அதற்கு முன்பே ஆரம்பிக்கலாம்.


வலங்கைமான் மகள்:

எல்லோருக்கும் நன்றி. பட்டா அம்மா பெயரில்தான் இருக்கிறது, வரைபடத்தில் மரம் எங்கள் எல்லைக்குள் வருகிறது. வாய்க்கால் அதற்கு அப்புறம்தான். இரண்டாமவர் ஆலங்குடி பக்கம் ஒரு வீட்டில் புளியமரம் இறக்கியதாகச் சொன்னார். அங்கே போய்க் கேட்டேன். ஒரு ஓடு உடையவில்லை, ஆனால் தழையை அள்ளாமல் போய்விட்டார், பிறகு இரண்டு தடவை சொல்லித்தான் வந்தார் என்று வீட்டுக்காரம்மா சொன்னார். உள்ளதை உள்ளபடி சொன்னது எனக்கு நம்பிக்கையாக இருந்தது.

ஏறுகிறவருக்குக் காப்பீடு பற்றி யாராவது சொல்ல முடியுமா? அப்புறம், மரத்தை முழுக்க எடுக்காமல் வீட்டுப் பக்கத்து வாதுகளை மட்டும் கழித்தால் போதாதா என்று அம்மா இப்போது கேட்கிறார்.


மன்னார்குடி மரவாடி:

நல்லது. காப்பீட்டுக்கு எளிய வழி, பிரதமர் சுரக்ஷா பீமா திட்டம். வங்கிக் கணக்கு இருக்கிற 18 முதல் 70 வயதுக்காரர் யாரும் சேரலாம், வருஷத்துக்கு 20 ரூபாய், விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம். ஏறுகிற இரண்டு பேருக்கும் அது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேலைக்கு முன்பே வங்கியில் சேர்த்துவிடச் சொல்லுங்கள், அந்த 20 ரூபாயை நீங்கள் கொடுத்தாலும் தகும். உடல் உழைப்புத் தொழிலாளர் நல வாரிய அட்டை வைத்திருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். குடித்துவிட்டு வருகிற ஆளை ஏற்ற மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வருத்தப்படுவார்களோ என்று தயங்க வேண்டாம், பொறுப்பான மேஸ்திரி அதை வரவேற்பார்.


திருத்துறைப்பூண்டி நாட்டுமரம் எழுதுகிறார்:

அம்மா கேட்டது சரியான கேள்வி, அதற்கு நேரான பதில் சொல்கிறேன். மரத்தை வைத்துக்கொள்ள முடியுமானால் வைத்துக்கொள்ளச் சொல்கிற ஆள் நான். கொல்லை மரத்தடியில் வெயில் நேரத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் உங்கள் மரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் கழித்தால் பாரமெல்லாம் வயல் பக்கம் போய்விடும். தண்ணீர் கட்டிய மண்ணில் வேர் பிடி தளர்ந்து இருக்கும்போது அந்தப் பக்கமாகச் சாயப் பார்க்கும். வீட்டுக்குக் கீழே போகிற வேரும் பிடுங்கிக்கொண்டு வரும். தூங்குமூஞ்சி தென் அமெரிக்காப் பக்கத்து மரம், அகலமாக விரிந்து வளரும், கட்டை அவ்வளவு உறுதி கிடையாது, காற்றில் வாது முறியும். சுவரிலிருந்து பத்தடியில் அது நிற்க வேண்டிய மரமே இல்லை. நாற்பதடி தள்ளி நின்றிருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

ஆகவே இறக்கிவிடுங்கள். அதற்கு முன்னால் மேலே கூடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மைனாவோ கொக்கோ குஞ்சோடு இருந்தால், பறக்கிற வரைக்கும் அந்த வாதை விட்டுவைக்க முடிகிறதா என்று மேஸ்திரியிடம் கேட்டுப் பாருங்கள். தழையையும் காயையும் வீணாக்க வேண்டாம், ஆடு வளர்ப்பவர்களிடம் சொன்னால் அவர்களே வந்து அள்ளிப் போவார்கள், உங்களுக்கும் கூலி மிச்சம்.

அந்த இடத்துக்குப் பதிலாக வேலியோரம் பூவரசு ஒன்று வைக்கலாம். கிளையை வெட்டி நட்டாலே துளிர்க்கும், அடங்கி வளரும். மழை ஆரம்பிக்கும்போது நட்டால் தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை.


வலங்கைமான் மகள்:

மரம் இறங்கிவிட்டது. அடுத்து யாராவது இதே கேள்வியோடு வந்தால் உதவட்டும் என்று விவரத்தை எழுதுகிறேன்.

இரண்டாமவரையே பேசினேன். கூலி தனி, மரம் எங்களுக்கு என்று சொன்னதும் முதலில் யோசித்தார். பிறகு 20,000 என்றார், 17,500-க்கு முடிந்தது. தழை அள்ளுவதும் அதில் சேர்த்தி என்று தாளில் எழுதினோம். ஏறுகிறவர்களில் பெரியவருக்கு அந்த 20 ரூபாய்க் காப்பீடு ஏற்கனவே இருந்தது, சின்னப் பையனுக்கு இல்லை. வங்கியில் சேர்த்துவிட்டு, கணக்கில் பணம் பிடித்தாயிற்று என்று குறுஞ்செய்தி வந்த பிறகுதான் தேதி வைத்தோம். அம்மா செவ்வாய், வெள்ளி வேண்டாம் என்றார், புதன்கிழமை ஆரம்பித்தார்கள். ரம்பம் வைப்பதற்கு முன் மேஸ்திரியே அடிமரத்தில் சூடம் ஏற்றிக் கும்பிட்டார்.

லைன்மேன் சொன்ன நேரத்தைவிடத் தாமதமாகத்தான் வந்தார். அதுவரை கொட்டகைப் பக்கத்து வாதுகளை இறக்கினார்கள். ஓட்டின் மேல் படுத்திருந்த பெரிய வாதுக்கு இரண்டு வடம் கட்டி, ஒன்றை வேம்பின் அடியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, துண்டு துண்டாக இறக்கினார்கள். வேம்புப் பட்டை உரியக்கூடாது என்று சாக்கை மடித்துச் சுற்றிவிட்டுத்தான் கயிறு போட்டார்கள், அதை நான் சொல்லவே இல்லை. கடைசித் துண்டு கொஞ்சம் சுழன்று வந்ததில் கூரை ஓரத்து ஓடு ஒரு வரிசை நொறுங்கியது. எழுதியிருந்தபடி மேஸ்திரியே ஓடு வாங்கி வந்து மாற்றினார்.

வாதும் கிளையும் சூளைக்குப் போயிற்று. இரண்டு எடைச் சீட்டும் வாங்கினேன். 4 டன் 860 கிலோ, டன் 2,500 என்று 12,150 ரூபாய். வண்டி அவர்களுடையது. கூலியில் அதைக் கழித்தால் கையிலிருந்து போனது 5,350. முதலில் வந்தவருக்கு 42,000 கொடுக்கவிருந்தோம் என்பதை அம்மாவிடம் சொன்னேன், அவர் மேஸ்திரிக்கும் ஆட்களுக்கும் தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடு என்கிறார். எடுக்கப் போகிறேன்.

தழை இன்னும் ஒரு மூலையில் கிடக்கிறது. ஆட்டுக்காரர்கள் காயையும் இலையையும் கொண்டுபோய்விட்டார்கள், குச்சிதான் மீதி. கடைசித் தவணையில் ஆயிரம் ரூபாய் அதற்காக நிறுத்தி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வந்து அள்ளுவதாகச் சொல்லியிருக்கிறார்.

அடிமரம் கொல்லையில் அப்படியே இருக்கிறது. ஏழடி நீளம், நடுவில் ஒன்பதடிச் சுற்றளவு, மரவாடிக்காரர் சொன்ன கணக்கில் 35 கன அடிக்குச் சற்று மேல். உளுப்பு இல்லை. மில்லில் கன அடி 150 என்கிறார்கள், வேறொருவர் மொத்தமாக 4,000 கேட்கிறார். அதைத் தூக்க வண்டி கொல்லைக்குள் வரவேண்டுமே, வயல் முழுக்கத் தண்ணீர். மன்னார்குடிக்காரரே, தை அறுப்பு முடிகிற வரைக்கும் அதைத் தரையில் படாமல் கட்டை கொடுத்து வைத்தால் தாங்குமா, அல்லது இப்போதே குறைந்த விலைக்கு அங்கேயே பலகையாக அறுத்து எடுக்கச் சொல்லலாமா?